டிரெய்லர் சாக்கெட்டில் மூன்றாம் நம்பர் பின்

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



'எர்த்' பற்றி இரண்டு மார்க் கேள்வி வந்தால் நாம் எல்லோரும் எழுதிவிடுவோம். நானும் எழுதி முழு மார்க் வாங்கியவன்தான். ஆனால் அதை உண்மையில் படித்தது மன்னார்குடி பக்கம், ஒரு தை மாத ராத்திரியில்.

சித்தப்பாவின் மினி டிராக்டருக்கு டிரெய்லர் சாக்கெட் மாட்டிக் கொடுத்தேன். டிராக்டரின் பின்விளக்கை டிரெய்லர் மறைத்துவிடும்; ஆகவே டிரெய்லரிலும் விளக்கு எரிய வேண்டும். ஐந்து ஒயர் இழுத்தேன். எர்த்துக்குத் தனி ஒயர் எதற்கு, கொக்கியில் இரும்போடு இரும்பு சேர்ந்துதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். வாசலில் எல்லாம் பளிச்சென்று எரிந்தது. "படிச்ச புள்ள வேலைன்னா சும்மாவா!" என்றார் சித்தப்பா.

அன்று ராத்திரி நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். மேடு பள்ளத்தில் கொக்கி குலுங்கியது. நடுவில் கிரீஸும் துருவும். டிரெய்லர் விளக்கு மொத்தமும் அணைந்துவிட்டது. முன்னால் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் மொபெட்டில் வந்தவர் கடைசி நொடியில் ஒடித்து வயலில் விழுந்தார். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. "எனக்கும் புள்ளகுட்டி இருக்குய்யா" என்றார். சித்தப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

இனி பாடம். 12 வோல்ட், 7 பின் சாக்கெட்டின் (ஐ.எஸ்.ஓ. 1724) இணைப்பு:

1 – இடது இண்டிகேட்டர் (மஞ்சள்)
2 – பின்பக்கப் பனிவிளக்கு (நீலம்), இல்லாவிட்டால் காலி
3 – எர்த் (வெள்ளை)
4 – வலது இண்டிகேட்டர் (பச்சை)
5 – வலது பின்விளக்கு (பழுப்பு)
6 – பிரேக் விளக்கு (சிவப்பு)
7 – இடது பின்விளக்கு (கறுப்பு)

நிறத்தை நம்பாதீர்கள், பின் நம்பரைப் பார்த்து, டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்யுங்கள்.

இப்போது கணக்கு. பிரேக் பல்பு இரண்டு 42 வாட், ஒரு பக்க இண்டிகேட்டர் 21 வாட், பின்விளக்கு இரண்டு 10 வாட். மொத்தம் 73 வாட். 12ஆல் வகுத்தால் சுமார் 6 ஆம்பியர். மற்ற ஒயர்கள் தத்தம் பங்கை மட்டும் சுமக்கின்றன. எல்லார் பாரத்தையும் திருப்பிக் கொண்டுவருவது மூன்றாம் பின் ஒன்றே. ஆகவே மற்றவை 1.5 சதுர மி.மீ. என்றால், எர்த் 2.5 போடுங்கள்.

வேலை தொடங்கும்போது பேட்டரி நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். பி.டி.ஓ. ஷாஃப்ட், லிஃப்ட் ஆர்ம் பக்கம் ஒயர் போகக்கூடாது. வண்டி திரும்பும்போது இழுபடாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். பியூஸ் கட்டாயம். கூடுதல் பல்பைத் தாங்கும் பிளாஷர்தானா என்றும் பாருங்கள். எர்த் ஒயரின் இரு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி, போல்ட் போட்டு முறுக்குங்கள்.

கடைசியாக, பின்விளக்கை எரியவிட்டு பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டர் போடுங்கள். எல்லா விளக்கும் மங்கலாகச் சிமிட்டினால் எர்த் போச்சு என்று அர்த்தம்.

மறுநாள் காலையிலேயே ஆறாவது ஒயரை இழுத்துவிட்டேன். நண்பர்களே, வாசலில் எரிவது விளக்கு அல்ல. பாரம் ஏற்றி, ரோட்டில் குலுங்கும்போதும் எரிவதே விளக்கு.