கேமராவை எங்கே வைப்பது?

அன்புள்ள கண்மணிக்கு,

உன் குறும்படத்தின் ஷாட் பட்டியலைப் படித்தேன். ஓரத்தில் ஒரு வாய்ப்பாடும் எழுதியிருக்கிறாய்: லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், டாப் ஆங்கிள் என்றால் பலவீனம், குளோசப் என்றால் உணர்ச்சி. பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித்தரும் பாடம் இது. தவறில்லை. ஆனால் இதை மட்டும் நம்பினால், நடிப்பும் வசனமும் ஏற்கெனவே சொன்னதையே உன் கேமரா மறுபடி சொல்லும்.

'சிட்டிசன் கேன்' (1941) பார். ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த படம். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். தேர்தலில் தோற்ற கேன், வெறிச்சோடிய பிரசார அலுவலகத்தில் பழைய நண்பனிடம் பேச்சு வாங்குகிறான். இந்தக் காட்சிக்காகத் தரையை வெட்டிக் குழியாக்கிக் கேமராவை இறக்கினார்கள். அண்ணாந்து பார்க்கும் கேமராவில் கூரை தெரியுமே! அதனால் இந்தப் படத்தின் செட்டுகளில் துணியால் கூரை அமைத்து, மைக்கை அதற்கு மேலே ஒளித்தார்கள். உன் வாய்ப்பாட்டின்படி அந்தக் கோணத்தில் நிற்பவன் ஜெயித்தவன். இங்கே நிற்பவனோ தோற்றவன். ஆள் பிரம்மாண்டமாகத் தெரிகிறான், கூரை தலையில் இறங்குகிறது, அறையில் அவன் சொல் கேட்க ஆளில்லை. கோணமும் நிகழ்வும் மோதுவதால்தான் அந்தத் தோல்வி நமக்கு உறைக்கிறது. ஆகவே ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது காட்சியோடு ஒத்துப்போகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்று பார்.

கேமராவின் உயரம் வேறு, கோணம் வேறு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) கேமராவை மிகத் தாழ்வாக வைத்தார். ஆனால் அதிகம் அண்ணாந்து பார்க்கவிடவில்லை. அதனால் யாரும் ராட்சசராகத் தெரிவதில்லை. பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான பெற்றோருக்குப் பக்கத்தில், அதே பாயில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்தது தூரம். மறுபடி 'சிட்டிசன் கேன்'. சிறுவன் கேன் பனியில் விளையாடுகிறான். கேமரா ஜன்னல் வழியே பின்வாங்கி வீட்டுக்குள் வருகிறது. முன்னால் மேஜையில் தாய், மகனை வங்கிக்காரரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். நடுவில் தகப்பன் தடுத்துப் பேசுகிறான். பின்னால் ஜன்னல் சட்டத்துக்குள் பொடியனாகச் சிறுவன். மூன்றுமே துல்லிய ஃபோகஸில். தாயின் கைக்கும் சிறுவனின் முகத்துக்கும் தனித்தனி குளோசப் போட்டிருந்தால், ஒன்றைப் பார்க்கும்போது மற்றது போய்விடும். அவன் வாழ்க்கை கைமாறுவதையும் அது தெரியாமல் அவன் ஆடுவதையும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் நம்மை வதைக்கிறது.

இனி உன் காட்சி. கல்லூரியை விட்டுவிட்டதை மகன் அப்பாவிடம் சொல்கிறான். அப்பாவுக்கு லோ ஆங்கிள், மகனுக்கு டாப் ஆங்கிள், வசனத்துக்கு வசனம் குளோசப் என்று போட்டிருக்கிறாய். முதலில் இது யாருடைய காட்சி என்று முடிவுசெய். மகனுடையது என்றால், முன்னால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் அப்பாவை வை. பின்னால் வாசற்படியில் தயங்கும் மகனை வை. அவன் நிற்பது நமக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே பதற்றம் வந்துவிடும்.

குளோசப்பைக் கஞ்சனின் காசுபோலச் செலவழி. உண்மை வெளிப்பட்டபின் அப்பா பதில் பேசாமல் இருக்கும் நொடிக்கு ஒன்று போதும். அதற்குமுன் பத்து வந்திருந்தால் இது பதினொன்றாவது.

ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டை இருவருக்கும் எடுக்கும்போது, அவர்களுக்கு இடையே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கோட்டின் ஒரே பக்கத்தில் கேமராவை வை. தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தெரியும். தாண்டித்தான் ஆகவேண்டுமென்றால், கேமரா நகர்ந்து போவது பார்ப்பவர் கண்ணில் படட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். காட்சி முழுவதையும் மொபைலில், அசையாத ஒரே வைட் ஷாட்டில் எடு. பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பார். கதை எங்கெல்லாம் பிடிபடவில்லையோ, எங்கெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்க மனம் துடிக்கிறதோ, அந்த இடங்களை மட்டும் குறித்துவை. உன் புதிய ஷாட் பட்டியல் அதுதான். அதை அனுப்பு, பேசுவோம்.

அன்புடன்,
சித்தப்பா