பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று வந்தால்...



வெட்டுப்புள்ளி வெளியாகும் நாட்களில் லயத்துக்கு லயம் கேட்கிற பேச்சு ஒன்றுதான். "எங்க புள்ளைய விடக் கொறஞ்ச புள்ளி எடுத்தவளுக்கு யாழ்ப்பாணம் கெடைச்சிருக்கு, இவளுக்கு ஏன் கெடைக்கல?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை அழுகையாக எழுதினால் பலன் வராது, கணக்காக எழுத வேண்டும்.

முதலில் யாருக்கு எழுதுவது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் இருந்தாலும், அதற்கு மாணவரைத் தெரிவு செய்வது கொழும்பு வோட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஆகவே மேன்முறையீடு அங்கேதான் போக வேண்டும். துணைவேந்தருக்கோ எம்.பி.க்கோ எழுதுவதில் தபால் செலவுதான் மிச்சம்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய இழப்பு. அந்தக் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்கோ அது ஒரு வாசல். அன்றைக்கு நம்மவர் பலருக்குக் குடியுரிமையே இல்லை, வாசல் திறந்தும் உள்ளே போனவர் சிலர்தான்.

இங்கேதான் நம் குடும்பங்கள் இடறுகின்றன. விஞ்ஞானம் படிக்க நல்ல ஆசிரியர் வேண்டுமென்று மகளை யாழ்ப்பாணத்து உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறோம். அவள் பிறந்தது தலவாக்கலை, அப்பா அம்மா வேலை செய்வது அங்கேதான், அதனால் நுவரெலியாக் கணக்கில் வருவாள் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. பாடசாலை மூலம் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பிறந்த ஊரை வைத்து மாவட்டம் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய 3 ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்று பார்க்கிறார்கள். வெளிமாவட்டத்தார் கடைசி நேரத்தில் வந்து நம் இடத்தை எடுக்காமல் இருக்க உள்ள காவலும் இதுதான், ஆகவே இந்த விதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு மாவட்டங்களில் படித்தவருக்கு என்ன விதி என்று ஆணைக்குழுவின் கையேட்டில் இருக்கிறது. பிள்ளையை அனுப்புவதற்கு முன்பே அதை வரி வரியாக வாசியுங்கள்.

ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும்போது நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: அதே ஆண்டு, அதே மாவட்டம், அதே கற்கைநெறி, அதே பல்கலைக்கழகம். நான்கும் ஒன்றாக இருந்து, உங்கள் பிள்ளையின் இசட் புள்ளி கூடவாக இருந்தும் இடம் கிடைக்கவில்லையென்றால் பேச விஷயம் இருக்கிறது. அதற்கு முன் விண்ணப்பப் பிரதியை எடுத்து, அந்தக் கற்கைநெறியை விருப்பப் பட்டியலில் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். போடாததைக் கேட்க முடியாது.

மாவட்டம் பிழையாகப் பதிந்திருந்தால் பாடசாலை விடுகைப் பத்திரமும், சேர்ந்த திகதி, விலகிய திகதி காட்டும் அதிபரின் கடிதமும் வேண்டும். மேன்முறையீடு ஒரு பக்கம் போதும். பெயர், பரீட்சைச் சுட்டெண், இசட் புள்ளி, கேட்கும் கற்கைநெறி, நடந்த பிழை, அதற்கான சான்று, அவ்வளவுதான். அப்பாவின் நோய், வீட்டுக் கஷ்டம் எல்லாம் உண்மைதான், ஆனால் அதற்குப் புள்ளி இல்லை. அறிவித்த திகதிக்கு முன் அனுப்புங்கள். தபாலில் போவதென்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

விடைத்தாள் திருத்தியதில் சந்தேகமென்றால் அது வேறு வழி. மீளாய்வுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். அதற்கும் தவணை உண்டு. முடிவு வரட்டும் என்று பல்கலைக்கழக விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

"நாம எழுதி என்னத்த மாறப்போவுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி போட்டார்கள். மாணவர்கள் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்தது. வேறுவேறாகக் கணக்கிட வேண்டியதாயிற்று. கெஞ்சி நடந்ததல்ல, கணக்கு பிழை என்று காட்டி நடந்தது.

அந்த மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். பிள்ளையை எந்த மாவட்டத்தில் சேர்த்தார்கள் என்ற விவரம் தெரியவில்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

பதில் வரும்வரை பிள்ளையைச் சும்மா வீட்டில் வைக்க வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும் கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் ஆள் எடுப்பது வேறு வர்த்தமானி அறிவித்தல்படி. அதற்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.