டொமைனை மாற்றியும் பழைய தளமே வருகிறதா? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இணையதளத்தை வேறொரு ஹோஸ்டிங்குக்கு மாற்றுகிறீர்கள். கோப்புகளை ஏற்றியாயிற்று, டொமைனில் புதிய சர்வரின் ஐபி எண்ணையும் கொடுத்தாயிற்று. உங்கள் கணினியில் புதிய தளம் வருகிறது. வேறு ஊரில் இருக்கும் நண்பர் திறந்தால் பழையதே வருகிறது. உதவி மையத்தைக் கேட்டால், 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. தாமதம் எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம். ஆனால் அந்த வேலையை மாற்றத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். வாருங்கள், வரிசையாகப் போவோம்.

ஏன் தாமதம்?

டொமைன் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதற்கு முன்பு எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் அதை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை. அதனால் பொறுப்பைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து, ஒரு முறை கேட்ட விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளவும் டிஎன்எஸ் வழி செய்தது. நம் தாமதம் முழுக்க இந்த நினைவில்தான் இருக்கிறது.

நாம் செய்த மாற்றத்தை யாரும் உலகம் முழுக்க எடுத்துச் செல்வதில்லை. நம் டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் நேம்சர்வரில் அது சில நொடிகளிலோ நிமிடங்களிலோ வந்துவிடும். ஆனால் நமக்காக ஐபி எண்ணைக் கேட்டுச் சொல்லும் ரிசால்வர்கள் (இணைய இணைப்பு தரும் நிறுவனத்தினுடையது, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போன்றவை) முன்பு கேட்ட விடையைக் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்திருக்கும். அதன் கெடு முடிந்தால்தான் நம்மிடம் மறுபடி கேட்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் கேட்டவை என்பதால் கெடுவும் வேறு வேறு நேரத்தில் முடியும். வீட்டு வைஃபையில் பழைய தளமும் மொபைல் டேட்டாவில் புதிய தளமும் வருவது இதனால்தான்.

அந்தக் கெடுவுக்குப் பெயர் டிடிஎல். நொடிக்கணக்கில் எழுதுவார்கள்: 300 என்றால் 5 நிமிடம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் முழுதாக ஒரு நாள்.

கெடுவைக் கண்ணால் பார்ப்போம்

மேக், லினக்ஸ் கணினிகளில் 'டிக்' என்ற கட்டளை உண்டு. அதில் நம் டொமைனைக் கொடுத்து, 8.8.8.8இடம் கேட்கச் சொல்லுங்கள். விடை வரியில் டொமைன் பெயரை அடுத்து ஓர் எண் இருக்கும். 2914 என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடி கழித்துக் கேட்டால் 2904 என்று வரும். கூகுள் வைத்திருக்கும் நகலுக்கு இன்னும் அவ்வளவு நொடிகள்தான் ஆயுள். சில நேரம் எண் சட்டென்று கூடிவிடும், 8.8.8.8க்குப் பின்னால் பல சர்வர்கள் தனித்தனிக் கேஷுடன் இருப்பதால் அப்படி நடக்கிறது, பயப்பட வேண்டாம்.

இதே கேள்வியை நம் நேம்சர்வரிடம் நேரடியாகக் கேட்டால் எண் குறையாமல் அப்படியே நிற்கும். அதுதான் முழு டிடிஎல். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்குத் தேவை. விண்டோஸில் 'என்எஸ்லுக்கப்' கட்டளையை 'டீபக்' விருப்பத்தோடு கொடுத்தால் இதே எண்ணைக் காட்டும்.

படி 1: முதலில் டிடிஎல்லைக் குறைப்போம்

டிஎன்எஸ் பேனலில், டொமைனின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை 300 ஆக்குங்கள். ஐபி எண்ணை இப்போது தொடவே கூடாது. பிறகு, பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். 86400 இருந்திருந்தால் ஒரு நாள். வெள்ளி இரவு குறைத்தால் ஞாயிறு காலை தாராளமாக மாற்றலாம். அதற்குள் பழைய நகல்கள் காலாவதியாகி, எல்லோரிடமும் ஐந்து நிமிட ஆயுள் கொண்ட நகல் மட்டுமே இருக்கும்.

பலர் டிடிஎல்லையும் ஐபி எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, ஏன் தாமதமாகிறது என்று கேட்கிறார்கள். ஒரு நாள் கெடுவோடு விடையை வாங்கிப்போன ரிசால்வருக்கு நாம் குறைத்தது எப்படித் தெரியும்?

படி 2: புதிய சர்வரைச் சோதிப்போம்

நம் கணினியின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் புதிய ஐபி எண்ணையும் டொமைனையும் ஒரே வரியில் எழுதினால், நமக்கு மட்டும் புதிய தளம் திறக்கும். பக்கங்கள், படங்கள், படிவங்கள் எல்லாவற்றையும் நிதானமாகச் சோதிக்கலாம். முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஊரெல்லாம் பழைய தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

எஸ்எஸ்எல் சான்றிதழையும் இப்போதே கவனிப்போம். டொமைன் இன்னும் பழைய சர்வரைக் காட்டுவதால், வழக்கமான முறையில் புதிய சர்வருக்குச் சான்றிதழ் கிடைக்காது. டிஎன்எஸ் பேனலில் சேர்க்கும் டிஎக்ஸ்டி ரெக்கார்டு மூலம் சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: மாற்றுவோம்

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஐபி எண்ணை மாற்றுங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்த முகவரி, சேராத முகவரி இரண்டையும் பாருங்கள். ஆர்டர் வாங்கும் தளமாக இருந்தால், மாற்றும்போது பழைய தளத்தில் 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பக்கத்தைப் போட்டுவிடுங்கள். பாதி ஆர்டர் பழைய டேட்டாபேஸிலும் பாதி புதியதிலும் விழுந்தால் சேர்த்தெடுப்பது பெரும்பாடு.

கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் தங்கள் கேஷில் உள்ள பழைய விடையை நீக்குவதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. அங்கே நம் டொமைனைக் கொடுக்கலாம். எல்லாம் நிலைபெற்ற பிறகு டிடிஎல்லை மறுபடி 3600 ஆக்குங்கள்.

நேம்சர்வரையே மாற்றினால்?

48 மணி நேரம் என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. நேம்சர்வர் விவரம் நமக்கு மேலே, டாட் காம் என்றால் அதை நடத்தும் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் டிடிஎல் 172800 நொடிகள், அதாவது இரண்டு நாள். அதை நம்மால் குறைக்க முடியாது. 2004 வரை டாட் காம் பட்டியலே நாளுக்கு இரண்டு முறைதான் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அந்தத் தாமதம் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டது.

ஆனாலும் பார்வையாளருக்கு எதுவும் தெரியாமல் மாற்றலாம். பழைய நேம்சர்வரில் உள்ள அத்தனை ரெக்கார்டுகளையும் முதலில் புதியதில் அப்படியே எழுதுங்கள். பிறகு டொமைன் வாங்கிய பதிவாளரிடம் நேம்சர்வரை மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே விடை இருப்பதால், யார் எதைக் கேட்டாலும் தளம் திறக்கும். மூன்று நான்கு நாள் கழித்துப் பழையதை நீக்கலாம். ஹோஸ்டிங் மாற்றத்தையும் நேம்சர்வர் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

செலவு எவ்வளவு?

டிடிஎல் மாற்றுவதற்கும் ரெக்கார்டு மாற்றுவதற்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை. இலவசச் சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இருக்கிறது. உண்மையான செலவு, பழைய ஹோஸ்டிங்கை இன்னொரு மாதம் வைத்திருப்பது. சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு அது சில நூறு ரூபாய்தான். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஏதாவது தவறினால் திரும்பிப் போக அந்த ஒரு வழிதான் உண்டு.

எச்சரிக்கை

மின்னஞ்சல்: அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் சில நாட்களுக்குப் பழைய பெட்டியையும் திறந்து பாருங்கள். பழைய விடையை வைத்திருக்கும் சர்வர்கள் அஞ்சலை அங்கேதான் போடும்.

புதிய சப்டொமைன்: ரெக்கார்டு எழுதும் முன் உலாவியில் தட்டிப் பார்க்காதீர்கள். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற விடையையும் ரிசால்வர் கேஷில் வைத்துக்கொள்ளும்.

டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் விடைகளைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் பாதுகாப்பு முறை): இதில்தான் பெரிய நிறுவனங்களே மாட்டியிருக்கின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் தன் டொமைனுக்கு டிஎன்எஸ்செக்கை இயக்கி, சிக்கல் தெரிந்ததும் பின்வாங்கியது. ஆனால் 'இந்த டொமைனுக்குக் கையொப்பம் உண்டு' என்று சொல்லும் டிஎஸ் ரெக்கார்டு ரிசால்வர்களின் கேஷில் 24 மணி நேரம் வரை தங்கும். கையொப்பத்தைக் காணாத ரிசால்வர்கள் விடை தர மறுத்ததால், பலரால் ஸ்லாக்கைத் திறக்க முடியவில்லை. கேஷை அழிக்கும்படி இணைய நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. அதனால் நம் டொமைனில் டிஎன்எஸ்செக் இருந்தால், பதிவாளரிடம் உள்ள டிஎஸ் ரெக்கார்டை முதலில் நீக்கி, ஒரு முழு நாளுக்கு மேல் பொறுத்து, அதன் பிறகே நேம்சர்வரில் கை வைப்போம்.