கரண்ட் போன ராத்திரியில் 'கிளவுட் நைன்'

அடுத்த புயலுக்கு மெழுகுவர்த்தியோடு சேர்த்து ஒரு ஆல்பத்தையும் ரெடியா வச்சுக்கோங்க. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'கிளவுட் நைன்', 1969ல் வந்தது. மொத்தம் 10 பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டவர் போறதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. இடி மின்னலில் போனை சார்ஜரில் போட்டுக்கொண்டே கேட்காதீங்க.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தின் செல்லப்பிள்ளைகள் இவர்கள். ஒரே மாதிரி சூட், ஒரே மாதிரி ஸ்டெப், இனிமையான காதல் பாட்டுகள். 1967 ஜூலையில் அதே நகரத்தில் நடந்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். 1968ல் குழுவின் முக்கியக் குரலான டேவிட் ரஃபின் நீக்கப்பட்டு டென்னிஸ் எட்வர்ட்ஸ் வந்தார். பழைய ஃபார்முலாவையே தொடர்ந்திருக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட், சோல் இசைக்குள் சைக்கடெலிக் ராக்கின் சத்தத்தைக் கொண்டுவந்தார். மோடவுனுக்கு முதல் கிராமி விருது இந்தத் தலைப்புப் பாட்டுக்குத்தான் கிடைத்தது.

'கிளவுட் நைன்' என்றால் ஆங்கிலத்தில் பேரானந்தம். பாட்டோ வறுமையில் வளர்ந்த ஒருத்தன் எங்கேயாவது தப்பித்தால் போதும் என்று தவிப்பது. இதை போதைப் பாட்டு என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஹீரோ பாடாமல் 5 பேரும் வரிகளைப் பிரித்துக்கொண்டு பாடுகிறார்கள். அடியில் மெல்வின் ஃபிராங்க்ளினின் பேஸ் குரல், உச்சியில் எடி கென்ட்ரிக்ஸின் ஃபால்செட்டோ.

நடுவில் 'வா... வா...' என்று பேசுகிற கிட்டார் டென்னிஸ் காஃபி வாசித்தது. வா-வா பெடல் வேறொன்றுமில்லை, நம்ம சிக்னல்ஸ் பேப்பரில் படித்த ஃபில்டர்தான். காலால் அமுக்க அமுக்க அதன் உச்சம் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 2,000 ஹெர்ட்ஸ் வரை நகரும். நாம் 'ஊ'விலிருந்து 'ஆ'வுக்கு வாயைத் திறக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். அதனால்தான் கம்பி பேசுகிற மாதிரி கேட்கிறது.

சரி, இதை ஏன் புயலில் கேட்கணும்? மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல். சிம்பலின் மெல்லிய ஓசைகளை அது மூடிவிடும். இடி வந்தால் அந்த நேரத்துக்கு பேஸ் கிட்டார் மறையும். நடுவில் நிற்பது மனுஷக் குரலும் அந்த வா-வாவும். மழையை ஜெயிக்க வால்யூமை ஏத்தாதீங்க. எது மறையுது, எது மிஞ்சுது என்று கவனிங்க. பாட்டின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும்.

மூணாவது பாட்டு 'ரன்அவே சைல்ட், ரன்னிங் வைல்ட்', 9 நிமிஷத்துக்கும் மேல். அதை ஸ்கிப் பண்ணாதீங்க. ஸ்கூலுக்கு மட்டம் போட்டு, அம்மாவிடம் தண்டனை வாங்கி, கோபத்தில் வீட்டை விட்டு ஓடிய பையன் பெரிய நகரத்தில் தொலைந்துபோகிறான். இருட்டு, பசி, பயம். அம்மாவைத் தேடுகிறான். வெயில் நேரத்தில் கேட்டபோது எனக்கு இது நீளமான பாட்டு, அவ்வளவுதான். ஜன்னல் அடிச்சுக்கிற ராத்திரியில் கேட்டபோதுதான் அந்தப் பையன் வெளியே ரோட்டில் நிற்பது மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் இரண்டாம் பக்கத்தில் 7 காதல் பாட்டுகள், பழைய மோடவுன் பாணியில். 'என்னடா, பின்வாங்கிட்டாங்களே' என்று தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா இத்தனை நாள் சோறு போட்ட பாணியை ஒரே நாளில் யாரும் விடுறதில்லை. பாதி ஆல்பத்தில் துணிந்திருக்கிறார்கள், அந்தப் பாதிக்காகத்தான் இன்றைக்கும் இதைக் கேட்கிறோம்.

கேட்டு முடிச்சதும் டவர் இருந்தா வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. ஹாஸ்டலில் கரண்ட் இருக்கா, சாப்பிட்டியான்னு அங்கேயும் கவலைப்பட்டுட்டுதான் இருப்பாங்க.