ராணுவ அகாடமிக்கு நாமினேஷனும் பரிந்துரைக் கடிதமும்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வளரும் மகளோ மகனோ ஒருநாள் "வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று சொன்னால், வழக்கமான கல்லூரி விண்ணப்பங்களைக் கரைத்துக் குடித்த பெற்றோருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அகாடமிக்குத் தனி விண்ணப்பம், நாமினேஷனுக்கு (நாடாளுமன்ற உறுப்பினர் போன்றோர் பிள்ளையின் பெயரை முன்மொழிவதற்கு) தனி விண்ணப்பம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். மதிப்பெண்ணும் உடல்தகுதியும் எவ்வளவு இருந்தாலும் நாமினேஷன் இல்லாமல் இடம் கிடையாது. அதைப் பெற்றுத் தருவது செல்வாக்கு அல்ல. பிள்ளையை அருகில் இருந்து பார்த்தவர்களின் சாட்சியமும், நேரத்தோடு செய்த வேலையும்தான்.

1. தகுதியை முதலில் உறுதி செய்யுங்கள்

வெஸ்ட் பாயின்ட் (தரைப்படை), அனாபொலிஸ் (கடற்படை), கொலராடோ ஸ்பிரிங்ஸ் (விமானப்படை), கிங்ஸ் பாயின்ட் (வணிகக் கடற்படை) ஆகிய நான்குக்கும் நாமினேஷன் வேண்டும். நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல் அகாடமிக்கு அது தேவையில்லை.

சேரும் ஆண்டு ஜூலை 1 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுதான் முக்கியமான இடம். கிரீன் கார்டுடன் உங்கள் பொறுப்பில் அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றுவிட்டால், பிள்ளையும் சட்டப்படி தானாகவே குடிமகன் ஆகிவிடுவார். உடனே பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் மூன்று அகாடமிகளில் படித்து முடித்தவர்கள் குறைந்தது 5 ஆண்டுகள் முழுநேரப் படைச் சேவை செய்ய வேண்டும். பிள்ளை இதைப் புரிந்துகொண்டுதான் ஆசைப்படுகிறாரா என்று உட்கார்ந்து பேசுங்கள்.

2. திறந்திருக்கும் கதவுகள் எல்லாவற்றையும் தட்டுங்கள்

ஒவ்வொரு மாணவருக்கும் நாமினேஷன் தரக்கூடியவர்கள் மூன்று பேர் உண்டு: மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர். மூவரிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் மூன்று அகாடமிகளில், ஓர் உறுப்பினரின் கணக்கில் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் 5 பேர்தான் படிக்க முடியும் என்பதால், ஒருவரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. கிங்ஸ் பாயின்ட் தவிர மற்ற மூன்றுக்கும் துணை அதிபரிடமும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் நீண்ட காலம் படையில் பணியாற்றியிருந்தால் அதிபர் வழி நாமினேஷனும் உண்டு.

கட்சி பார்ப்பார்களோ என்ற அச்சம் வேண்டாம். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

3. நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

11ஆம் வகுப்பின் ஜனவரி முதல் மார்ச் வரை: அகாடமியின் ஆரம்பக் கேள்வித்தாளை நிரப்புதல், கோடை முகாம்களுக்கு விண்ணப்பித்தல்.

வசந்த காலம்: அந்த மூன்று உறுப்பினர்களின் அலுவலக இணையதளங்களையும் பார்த்து, யாருக்கு எத்தனை பரிந்துரைக் கடிதம், எத்தனை கட்டுரை, எந்தத் தேதி என்று ஒரு பட்டியல் போடுதல். நிபந்தனைகள் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும்.

மே: பள்ளி மூடுவதற்குள் ஆசிரியர்களிடம் கடிதம் கேட்டுவிடுதல்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை: பெரும்பாலான அலுவலகங்களின் கடைசித் தேதிகள் இந்த மாதங்களில் வரும். அதன் பிறகு நேர்காணல். ஜனவரி இறுதிக்குள் பெயர்கள் அகாடமிகளுக்குப் போய்விடும்.

4. பெரிய பெயரைத் தேடாதீர்கள்

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. கடிதம் என்றதும் தெரிந்த பெரிய டாக்டர், தமிழ்ச் சங்கத் தலைவர், கம்பெனி துணைத்தலைவர் என்று மனம் போகும். பிள்ளையை இரண்டு முறை விருந்தில் பார்த்தவர் எழுதும் கடிதத்தால் பயன் இல்லை. உறவினர் கடிதம் வேண்டவே வேண்டாம்.

கணித ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், வேதியியல் அல்லது இயற்பியல் ஆசிரியர் ஆகியோரை முதலில் நினையுங்கள். அகாடமியும் இத்தகைய ஆசிரியர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் கேட்கும். அடுத்து விளையாட்டுப் பயிற்சியாளர், சாரணர் தலைவர், பகுதிநேர வேலையின் மேலாளர். படிப்புக்கு ஒருவர், தலைமைக்கு ஒருவர், பொறுப்புக்கு ஒருவர் என்று மூன்று கோணங்கள் அமைந்தால் நல்லது.

5. எழுதுபவரின் கையில் விஷயத்தைக் கொடுங்கள்

கேட்க வேண்டியது பிள்ளை, நேரில். "எனக்காக வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போவதே நல்லது. கடைசித் தேதிக்கு ஆறு வாரமாவது முன்னால் கேட்க வேண்டும்.

கூடவே ஒரு பக்கத் தாள் கொடுக்க வேண்டும்: எந்த அகாடமி, ஏன், என்னென்ன பொறுப்புகள், அந்த ஆசிரியர் கண்ணால் பார்த்த இரண்டு மூன்று சம்பவங்கள், கடிதம் யார் பெயருக்கு, எப்படி அனுப்ப வேண்டும், கடைசித் தேதி.

இந்தத் தாளின் பலன் கடிதத்தில் தெரியும். "கவிதா கடின உழைப்பாளி, நல்ல தலைவி" என்ற வரியை உறுப்பினரின் தேர்வுக் குழு நூறு கடிதங்களில் படித்திருக்கும். "ஓட்டப் பந்தய அணியில் புதிதாகச் சேர்ந்த மாணவி பாதியில் நின்றபோது, தன் நேரம் போனாலும் பரவாயில்லை என்று கவிதா திரும்பிப் போய் அவளுடன் ஓடி முடித்தாள், மறுநாளும் அவளைத் தேடிப் போய்ப் பயிற்சிக்கு அழைத்து வந்தாள்" என்றால், படிப்பவர் கண்முன் ஓர் அதிகாரி தெரிகிறார்.

ஒரே கடிதம் மூன்று அலுவலகங்களுக்குப் போகும்போது பெயர் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு பிள்ளை பணிவாக விசாரிக்கலாம். பிறகு கைப்பட ஒரு நன்றிக் குறிப்பு.

6. நேர்காணலுக்குப் பிள்ளை மட்டும்

நேர்காணல் குழுவில் முன்னாள் படைவீரர்களும் அகாடமிப் பட்டதாரிகளும் இருப்பது வழக்கம். ஏன் இந்த அகாடமி? ஏன் படை? இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? இவற்றுக்கு மனப்பாடம் உதவாது. வீட்டில் நீங்கள் கேளுங்கள், பிள்ளை தன் சொற்களில் பதில் சொல்லிப் பழகட்டும். அலுவலகத்துக்குப் போன் செய்வதும் மின்னஞ்சல் அனுப்புவதும்கூடப் பிள்ளையின் வேலைதான். நாளை முப்பது வீரர்களை வழிநடத்த வேண்டியவருக்காக அம்மாவோ அப்பாவோ பேசினால், அதுவே எதிரான கடிதமாகிவிடும்.

7. கிடைத்த பிறகும், கிடைக்காவிட்டாலும்

நாமினேஷன் வந்துவிட்டால் இடம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மருத்துவப் பரிசோதனை, உடல்தகுதித் தேர்வு, கல்வி ஆகிய மூன்றிலும் தேற வேண்டும். ஆகவே கல்லூரி விண்ணப்பங்களையும் ஆர்ஓடிசி (கல்லூரியில் படித்துக்கொண்டே பெறும் அதிகாரிப் பயிற்சி) உதவித்தொகை விண்ணப்பத்தையும் கைவிடாதீர்கள். அந்த வழியிலும் அதிகாரி ஆகலாம்.

கிடைக்காவிட்டால், ஓராண்டு கல்லூரியில் படித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. பழைய நாமினேஷன் செல்லாது, புதிதாகக் கேட்க வேண்டும். தோல்விக்குப் பிறகும் திரும்பி வந்து விண்ணப்பிக்கும் பிள்ளையின் உறுதியைத் தேர்வுக் குழு மதிப்போடு பார்க்கும். அந்த உறுதிக்குத் துணை நிற்பதுதான் பெற்றோரின் பங்கு.