தாத்தாவின் பாக்கெட் வாட்ச் மீண்டும் ஓட...

சாவி கொடுத்தால் முறுக்கு ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும்.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர்தான். அதற்காகப் பூட்டுப் பட்டறையில் ஸ்பிரிங் வெட்டிப் போடச் சொல்லிவிடாதீர்கள். நல்ல லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் இருந்தால், அளவெடுக்க மட்டும் அங்கே போகலாம்.

அளவு நான்கு: அகலம், தடிமன், நீளம், ஸ்பிரிங்கை அடக்கும் பேரலின் உள்விட்டம். முனையில் துளையா, கொக்கியா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தடிமனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 0.20 மி.மீ. இருந்த இடத்தில் 0.22 போட்டால் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய பற்சக்கரம் அதைத் தாங்காது.

டயலில் உள்ள பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. இந்தியச் சந்தைக்காக சுவிட்சர்லாந்தில் தயாரான வெஸ்ட் எண்ட் கடிகாரங்களிலேயே பலவகை இயந்திரங்கள் உண்டு. பின்மூடிக்குள் இருக்கும் இயந்திரத்தின் எண்ணையும் முத்திரையையும் படம் எடுத்து, மதுரையிலோ சென்னையிலோ பழைய உதிரிபாகம் விற்பவரிடம் காட்டலாம். நீல எஃகு ஸ்பிரிங்கைவிடத் துருப்பிடிக்காத வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங் நல்லது.

பேரலை வீட்டில் திறக்க வேண்டாம். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. கடிகாரம் பழுதுபார்ப்பவர் கழற்றித் தரும் துண்டுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். புதியது வாங்க அவைதான் மாதிரி.