கிணற்றிலிருந்து திட்டமிடுவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். எமது குடிநீருக்கும் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் வேண்டிய நீரில் பெரும்பங்கு கிணற்றிலிருந்தே வருகிறது. ஆகவே ஓர் ஆலையை எங்கே அமைப்பது, ஒரு நகரம் எவ்வளவு வளரலாம் என்பன இங்கே முதலில் நீரைப் பற்றிய கேள்விகளாகும்.

எமது இளைஞருக்கு வேலை வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை 2014ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பது பற்றி அண்மைய ஆண்டுகளில் அரசு அறிவித்துள்ளது. இவற்றை எதிர்ப்பது இப்பாடத்தின் நோக்கம் அன்று. வருகின்ற தொழில் நிலைத்து நிற்கவும், அதன் அருகில் வாழ்வோரின் கிணறு கெடாதிருக்கவும் என்ன வகையான ஆய்வும் முகாமைத்துவமும் தேவை என்பதைப் பங்கு மட்டக் குழுக்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒன்றாக இருந்து சிந்திப்பதற்காகவே இது எழுதப்படுகிறது.

நிலத்தின் கீழ் உள்ள பாத்திரம்

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் துளைகளும் நிறைய உண்டு. ஆண்டில் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான வாடைக்காற்று மழை. இந்த நீர் செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கல்லில் தங்குகிறது. அங்கே ஏற்கெனவே கடலிலிருந்து ஊறிய உவர்நீர் உண்டு. நன்னீர் பாரம் குறைந்தது. ஆதலால் அது உவர்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது.

நீரியல் அறிஞர் இதற்கு ஒரு கணக்குச் சொல்வர். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மேல் மட்டம் 1 அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உவர் 40 அடி வரை மேலே வர இடமுண்டு. இதனாலேதான், நீர் காணாதபோது இன்னும் ஆழமாகத் துளைப்பது குடாநாட்டில் தீர்வாகாது. ஆழம் கூடக்கூட நாம் உவரை நோக்கியே போகிறோம்.

கல்லில் வெடிப்புகள் இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. மணல் நிலத்தில் அழுக்கு நீர் மெல்ல ஊறும். ஊறும்போது ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணக்கல் வெடிப்பிலோ அது வாய்க்காலில் ஓடுவது போல ஓடிவிடும். கீரிமலையில் நன்னீர் ஊற்றுக் கடலோரத்தில் வெளிவருவதைப் பார்க்கிறோம். எங்கோ உள்நாட்டில் பெய்த மழையே அங்கு வருகிறது. நல்ல நீர் அப்படிப் பயணம் செய்யுமானால் கெட்ட நீரும் அப்படியே பயணம் செய்யும்.

ஒரே கிணற்றின் மேல் மூன்று சுமைகள்

முதலாவது, விவசாயம். துலாவினால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லை வைத்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போயிற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் யூரியாவில் பயிர் எடுக்காத மிச்சம் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகிறது.

இரண்டாவது, நகரம். யாழ்ப்பாண நகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இன்னும் இல்லை. வீடும் கடையும் விடுதியும் தத்தம் வளவிலேயே மலசலகூடக் குழி வைத்துள்ளன. காணிகள் துண்டாகும்போது கிணறும் குழியும் நெருங்குகின்றன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இவ்வளவு தூரம் என்ற விதி அவசியமே. ஆயினும் வெடிப்புள்ள கல்லில் தூரம் மட்டும் காவலாகாது. அடியும் சுவரும் கசியாதபடி கட்டிய தொட்டியும், அதன் கழிவை எடுத்துச் சென்று சுத்திகரிக்கும் ஒழுங்கும் வேண்டும்.

மூன்றாவது, கைத்தொழில். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் ஆரம்பமாகி, 1990இல் போரினால் மூடப்படும் வரை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அது நன்றியோடு நினைக்க வேண்டியது. அதே வேளையில், தொழிற்சாலைக்கு மூலப்பொருளான சுண்ணக்கல்லே எமக்கு நீரைத் தாங்கும் பாத்திரமும் ஆகும். தோண்டிய கல் திரும்ப வளராது. இனி எவ்வளவு கல்லை, எந்த ஆழம் வரை, கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் எடுக்கலாம் என்பதை நீர் பற்றிய ஆய்வே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

சுன்னாகம் கற்பித்தது

சுன்னாகம் பல தசாப்தங்களாகக் குடாநாட்டின் மின்சார மையமாக இருந்த இடம். போர் முடிந்தபின் அங்கு ஒரு தனியார் அனல்மின் நிலையம் எண்ணெயில் இயங்கியது. சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். கிணறுகள் மூடப்பட்டன. நீரூற்றின் மேல் வாழ்ந்த மக்கள் பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடத்துடன் நின்றனர்.

ஆய்வுகளும் நடந்தன. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதைக் காட்டின. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்ற கருத்தில் அறிக்கை தந்தது. எந்த அறிக்கையை நம்பித் தண்ணீர் குடிப்பது என்று தாய்மார் கேட்டனர். 2015இல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு அந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்தும்படி நீதிமன்றம் பணித்தது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச அமைப்புகள் கடமையில் தவறியதையும் சுட்டிக்காட்டியது. கெடுத்தவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை எமது மண்ணில் உறுதியான நாள் அது.

தீர்ப்பு பெரியது. ஆனால் எண்ணெய் புகுந்த சுண்ணக்கல்லைக் கழுவித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. ஆலை தொடங்கு முன்னரே சூழவுள்ள கிணறுகளின் நிலை பதியப்பட்டு, பின்னர் ஒழுங்காக அளக்கப்பட்டு வந்திருந்தால், கேடு முதற் கிணற்றிலேயே பிடிபட்டிருக்கும். மாசு இருந்ததா, எப்போது வந்தது, யாரால் வந்தது என்ற தர்க்கத்தில் ஆண்டுகள் கழிந்திரா.

ஆய்வு மட்டும் போதாது

அளந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் 1980களிலேயே எழுதினர். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்துள்ளது. இதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இவ்வளவும் தெரிந்திருந்தும் உரமிடும் பழக்கமும் குழி வெட்டும் பழக்கமும் பெரிதாக மாறவில்லை. அறிக்கை அலுமாரியில் இருந்தது. அதன்படி நடக்கப் பொறுப்பேற்றவர் எவருமில்லை. ஆய்வின் முடிவு அனுமதிப் பத்திரத்திலும் பிரதேச சபையின் கட்டட ஒழுங்கிலும் கமக்காரரின் உரக் கணக்கிலும் இடம்பெறும்போதே அது முகாமைத்துவம் ஆகும்.

பிந்திய முகாமைத்துவம் எவ்வளவு செலவானது என்பதற்குத் தமிழ்நாட்டின் திருப்பூர் உதாரணம். அங்கு பின்னலாடைத் தொழில் பல இலட்சம் பேருக்கு வேலை தந்தது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டி ஆயிற்று. விவசாயிகள் வழக்காடினர். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. தொழிலாளரும் வேலை இழந்து தவித்தனர். தொடக்கத்திலேயே கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பாவித்திருந்தால் ஆறும் வேலையும் ஒருங்கே காக்கப்பட்டிருக்கும்.

வெளியிலிருந்து நீர் கொண்டுவந்தால் தீராதா எனச் சிலர் கேட்பர். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்கு எடுக்கும் திட்டம் கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பைச் சந்தித்தது. அவர்களுடைய நியாயமும் நியாயமே. பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. அது உதவியே. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். மாரி மழை தரும் நீரைக் கெடுத்துவிட்டு அதே அளவு நீரை விலைக்கு வாங்குவது ஏழைக் குடும்பத்துக்குத் தாங்காது.

ஆலை வருமுன் கேட்க வேண்டியவை

உங்கள் பகுதியில் ஒரு தொழில் அமையப்போகிறது என்று கேள்விப்பட்டால், சங்கத்தின் பேரில் எழுத்தில் கேட்க வேண்டியவை ஐந்து:

1. நாளொன்றுக்கு எவ்வளவு நீர், எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கப்படும்?
2. கழிவுநீர், கழிவு எண்ணெய், இரசாயனம் ஆகியன எங்கே சேமிக்கப்பட்டு எங்கே அகற்றப்படும்? தொட்டி கசிந்தால் தடுக்க இரண்டாவது காவல் உண்டா?
3. தொடங்கு முன் சூழவுள்ள கிணறுகளின் நீர் பரிசோதிக்கப்பட்டு முடிவு கிராமத்துக்குத் தரப்படுமா?
4. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படும் தொழிலா? ஆமெனில் பெறப்பட்டுள்ளதா, எப்போது முடிவடைகிறது?
5. கேடு நேர்ந்தால் மாற்று நீர் தருவது யார் பொறுப்பு?

இக்கேள்விகளுக்கு நேர்மையான பதில் தரும் தொழிலை வரவேற்போம். எண்ணெய் எரியாமலும் மின்சாரம் பெறலாம் என்பதைப் பளைப் பகுதிக் காற்றாலைகள் காட்டுகின்றன. நீர் குறைவாகத் தேவைப்படும் பனம்பொருள் உற்பத்தியும் கணினித் தொழிலும் இம்மண்ணுக்குப் பொருந்துவன. மீன் பதனிடல், சலவை, சாயமிடல் போன்று நீர் மிகுதியாகக் கேட்பவற்றுக்குச் சுத்திகரிப்பு முன்நிபந்தனையாக வேண்டும்.

கிராமத்தின் கிணற்றுக் கொப்பி

ஆய்வு என்றவுடன் பல்கலைக்கழகத்தை மட்டும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்துக் கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள். மாதம் ஒரு முறை, குறித்த நாளில், காலையில் இறைப்புக்கு முன், கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை நாடாவினால் அளந்து திகதியுடன் எழுதுங்கள். அளக்கும் இடத்தை மையினால் அடையாளமிடுங்கள். சுவை, மணம், நிறம் மாறினால் குறியுங்கள். மாரி முடிந்ததும் ஒரு தடவை, கோடை முடிவில் ஒரு தடவை ஆய்வுகூடத்தில் உப்பும் நைத்திரேற்றும் பார்ப்பியுங்கள். முடிவுகளை ஆலய முன்றலிலும் வாசிகசாலையிலும் ஒட்டுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் பிரதி கொடுங்கள். உயர்தர வகுப்பு மாணவர் செய்யக்கூடிய வேலை இது. மூன்று மாரி கண்ட ஒரு கொப்பி, எந்தக் கூட்டத்திலும் மறுக்க முடியாத சாட்சியாகும்.

தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் கிணறுகளைப் பற்றி வாசிக்கிறோம். தந்தை தோண்டிய கிணறுகளைப் பகைவர் மண்ணிட்டு மூடினர்; மகன் மறுபடி தோண்டினார். இரு கிணறுகளுக்காகச் சச்சரவு வந்தது. மூன்றாவதில் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. மண்ணிட்டு மூடிய கிணற்றை மறுபடி தோண்டலாம். உவரும் எண்ணெயும் புகுந்த கிணறு அப்படியன்று. ஆதலால் எமது காவல் முற்கூட்டியே இருக்க வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டமும் சுவையும் உங்கள் பெற்றோர் காலத்திலிருந்து எவ்வாறு மாறியுள்ளன? மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள்.
2. உங்கள் வட்டாரத்தில் கிணற்றுக்கு ஆபத்தான இடங்கள் எவை? வாகனத் திருத்தகம், எண்ணெய்க் களஞ்சியம், குப்பை மேடு, மலசலகூடக் குழி ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள்.
3. வேலை தரும் ஓர் ஆலை, நீருக்கு உத்தரவாதம் தர மறுத்தால் உங்கள் சங்கம் என்ன முடிவெடுக்கும்? அம்முடிவால் பாதிக்கப்படுவோருக்கு என்ன சொல்வீர்கள்?
4. கிணற்றுக் கொப்பியைப் பொறுப்பேற்க முன்வருவோர் யார்? அடுத்த கூட்டத்துக்கு முன் முதல் அளவை எடுங்கள்.